முனகும் விசிறியின் முன்கதை

ஜெர்மன் நாட்டில் ஸ்டட்கார்ட் நகரைச் சேர்ந்த சூஃபன்ஹவுசனில், 1990-ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்ட போர்ஷே 911 கார் ஒன்றில் நீங்கள் ஏறி அமர்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் விரையக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் அது. சாவியை ஒரு படி மட்டும் திருப்புகிறீர்கள். எஞ்சின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஆனால் டாஷ்போர்டின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய முனகல் எழுகிறது. சில நேரம் அது சுவர்க்கோழியின் ரீங்காரம்போல் இருக்கிறது. சில நேரம் எண்ணெய் காணாத கதவுக் கீலைப்போல் கிறீச்சிடுகிறது. காற்றுக்கான குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓசை நிற்பதில்லை.

காரைப் பிரித்துப் பார்த்தால், குளிர்-வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னஞ்சிறு மின்விசிறி சுழன்றுகொண்டிருப்பது தெரியும். அது வீசும் காற்று ஒரு மெழுகுவத்தியை அணைக்கக்கூடப் போதாது. பயணிகள் மேல் அது படுவதுமில்லை. இதனால் என்ன பயன் இருந்துவிடப் போகிறது என்று பலர் அதன் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். ஓசை உடனே நின்றுவிடும். பழுது தீர்ந்தது என்று மகிழ்வார்கள்.

ஆனால் குளிர்காலம் வந்ததும் வேறொரு தொல்லை தலைகாட்டும். காருக்குள் நடுக்கும் குளிர் இருக்கும்போதே வெப்பக் காற்று தானாகக் குறைந்துவிடும். சற்று நேரம் கழித்துத் திடீரெனப் புழுங்கும். முன்கண்ணாடியில் பனிப்புகை படிந்து, சாலையே தெரியாமல் போகும். "மின்னணுப் பெட்டி கெட்டுவிட்டது" என்று பெருந்தொகை செலவிட்டு அதை மாற்ற முனைவார்கள். உண்மையில் பெட்டி கெடவில்லை. அதன் கண்ணை அவர்களே கட்டிவிட்டார்கள்.

இந்தச் சிறு விசிறி எதற்காக அங்கே இருக்கிறது? அது ஏன் முனகுகிறது? அதை எவ்வாறு செப்பனிடுவது? முதல் கேள்விக்கு விடை காண நாம் கார் தொழிற்சாலையைவிட்டு, 19-ஆம் நூற்றாண்டில் வானில் ஏறிய பலூன் ஒன்றிற்குச் செல்ல வேண்டியிருக்கும். அதற்குமுன் காரின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

எஞ்சினே அடுப்பு

போர்ஷே 911 முதன்முதலில் 1963-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களைத் தாங்களே பயன்படுத்தி வருவதாகப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ எதிர்ப்புத் தெரிவிக்கவே, 1964-இல் பெயர் 911 என்று மாறியது.

இந்தக் காரில் எஞ்சின் பின்புறம் இருந்தது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. பட்டையால் இயங்கும் ஒரு பெரிய விசிறி காற்றை வீசிக் குளிர்வித்தது. சாதாரணக் கார்களில் எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரைக் கொண்டுதான் உள்ளிடத்தைச் சூடாக்குகிறார்கள். வெந்நீரே இல்லாத காரில் என்ன செய்வது? எஞ்சின் புகை வெளியேறும் குழாயைச் சுற்றி ஓர் உறையை அமைத்தார்கள். எஞ்சின் விசிறி தள்ளும் காற்றில் ஒரு பகுதி அந்த உறைக்குள் புகுந்து, குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு, காருக்குள் வந்தது. இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு கைநெம்புகோல் இருந்தது. அதைத் தூக்கினால் வெப்பம் வரும், தாழ்த்தினால் நிற்கும்.

எளிய ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. விசிறியின் வேகம் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது. புகைக்குழாயின் சூடும் எஞ்சினின் உழைப்பைப் பொறுத்தது. மேட்டில் ஏறும்போது அனல் வீசும். போக்குவரத்து விளக்கின் முன் நின்றால் காற்றே வராது. ஓட்டுபவர் ஒரு கையால் எப்போதும் நெம்புகோலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, அந்தக் காரின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஓட்டுநரின் தோல்தான்!

சொன்னதைக் கேட்கும் பெட்டி

வேண்டிய வெப்பநிலையைச் சொல்லிவிட்டால் கார் தானே அதைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அமெரிக்காவில் முன்பே பிறந்துவிட்டது. நாஷ் நிறுவனத்தின் 1938-ஆம் ஆண்டுக் கார்களில் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி, விசிறியால் உள்ளே செலுத்தும் அமைப்பு வந்தது. மறு ஆண்டே அதனுடன் வெப்பநிலையைச் சீராக்கும் கருவியும் சேர்ந்தது. 1939-இல் பாக்கார்டு நிறுவனம் காற்றைக் குளிரூட்டும் எந்திரத்தைக் காரில் பொருத்திக் காட்டியது. அந்தக் குளிர்ப்பெட்டி பின்புறச் சாமான் அறையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. குளிர்காலத்தில் அமுக்கியை ஓய்வாக வைக்க வேண்டுமானால் எஞ்சின் மூடியைத் திறந்து பட்டையையே கழற்ற வேண்டியிருந்தது!

1964-இல் காடிலாக் கார்களில், ஒரு சுழல்தட்டில் வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் சூடாக்குவதையும் குளிர்விப்பதையும் தானே முடிவு செய்யும் அமைப்பு வந்தது. இத்தகைய அமைப்புகளுக்கு உயிர்நாடி தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். சில பொருள்கள் சூடேறச் சூடேற மின்சாரத்தை மேலும் எளிதாகக் கடத்துகின்றன என்பதை மைக்கேல் பாரடே 1833-இலேயே வெள்ளி சல்பைடில் கண்டார். அவர் கண்ட அந்தப் பண்பின் மேல்தான் தெர்மிஸ்டர் நிற்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை 1 டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.4 சதவீதம் உயரும். சாதாரண தெர்மிஸ்டரின் மின்தடையோ 1 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் குறையும். நுண்ணுணர்வு பத்து மடங்கு அதிகம் அல்லவா? மிளகு அளவுள்ள ஒரு தெர்மிஸ்டர் காருக்குள் உள்ள வெப்பநிலையை மின்னணுப் பெட்டிக்கு இடைவிடாமல் தெரிவித்துக்கொண்டிருக்கும்.

போர்ஷே 911 காரிலும் 1970-களின் நடுப்பகுதியில் தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு இடம் பெற்றது. 1989-ஆம் ஆண்டுக்குரிய புதிய வடிவத்தில் முழு மின்னணுப் பெட்டி வந்தது. நிறுவனத்தின் உள்வழக்கில் இந்த வடிவத்திற்கு 964 என்று எண். இதில் முன்புறம் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் காற்றூதிகள் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் வெப்பக் காற்று தடைபடாதிருக்கப் பின்புறம் ஒரு மின்காற்றூதியும் உண்டு. இவற்றுடன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நாம் தொடக்கத்தில் கண்ட சின்ன விசிறி. பெட்டியின் முகத்திலுள்ள சிறு துளைகள் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, தெர்மிஸ்டரின் மேல் ஓடவிடுவது மட்டுமே அதன் வேலை.

தெர்மிஸ்டரைச் சும்மா வைத்தால் போதாதா? காற்றை ஏன் அதன்மேல் ஓட்ட வேண்டும்? இங்கேதான் பலூனின் கதை வருகிறது.

வெப்பமானி சொல்வது யாருடைய வெப்பநிலை?

வெயிலில் ஒரு வெப்பமானியை மாட்டினால் அது காட்டுவது காற்றின் வெப்பநிலையா? இல்லை. அது தன்னுடைய வெப்பநிலையைத்தான் காட்டும். எந்த வெப்பமானியும் அப்படித்தான். அது காற்றின் வெப்பநிலையை அடைந்துவிட்டது என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். சூரியக் கதிர்கள் ஒருபுறம் அதைச் சூடாக்கிக்கொண்டே இருந்தால் நம் ஊகம் தவறிவிடும்.

1862-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல் ஆகிய இருவரும் பலூனில் மிக உயரம் ஏறினார்கள். மூச்சுக்காற்றுக் குறைந்து கிளெய்ஷர் மயங்கி விழுந்தார். காக்ஸ்வெல் குளிரில் மரத்த கைகளால் ஒன்றும் செய்ய முடியாமல், பற்களால் கயிற்றைக் கடித்திழுத்து வாயுவை வெளியேற்றி உயிர் தப்பினார். இத்தகைய துணிச்சலான பயணங்களில் கிளெய்ஷர் எடுத்த வெப்பநிலை அளவுகளைப் பல ஆண்டுகள் அறிவியலார் பயன்படுத்தி வந்தனர்.

இந்த அளவுகளில் ஐயம் கொண்டவர் ஜெர்மானியரான ரிச்சர்டு ஆஸ்மன். 1845-இல் பிறந்த இவர் மருத்துவம் படித்து மருத்துவராக இருந்து, பின்பு வானிலை ஆய்வுக்கு வந்தவர். பலூன் காற்றோடு காற்றாக மிதந்து செல்வது. ஆகையால் அதன் கூடைக்குள் காற்றோட்டமே இராது. மேலே போகப் போக வெயிலோ கடுமை. ஆக, கூடையில் தொங்கும் வெப்பமானி வெயிலில் காய்ந்து உண்மையைவிட மிகுதியாகக் காட்டும் என்று அவர் கருதினார்.

1880-களில் அவர் ஒரு கருவியை உருவாக்கினார். வெப்பமானியின் குமிழைப் பளபளப்பான இரட்டை உலோகக் குழாய்க்குள் வைத்தார். கதிர்கள் அதில் பட்டுத் திரும்பிவிடும். குழாயின் மேல்முனையில், கடிகாரத்தில் உள்ளதைப்போன்ற சுருள்வில்லால் சுழலும் சிறு விசிறியை அமைத்தார். விசிறி காற்றைக் குமிழின்மேல் விரைவாக இழுத்துச் சென்றது. ஒரு குமிழ் உலர்ந்தும் மற்றொன்று ஈரத்துணி சுற்றியும் இருந்ததால் காற்றின் ஈரப்பதத்தையும் அறிய முடிந்தது. இன்றும் வானிலை ஆய்வில் இக்கருவி ஆஸ்மன் பெயராலேயே வழங்குகிறது. குமிழின்மேல் காற்று நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர் வேகத்திற்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது விதி.

இக்கருவியுடன் பெர்லினிலிருந்து பலூன்கள் ஏறின. கிளெய்ஷர் உயரத்தில் கண்ட வெப்பநிலைகள் உண்மையைவிட மிகுதி என்பது தெளிவாயிற்று. உயிரைப் பணயம் வைத்து எடுத்த அளவுகள், ஒரு சிறு விசிறி இல்லாததால் பிழையாகிவிட்டன!

கதை இத்துடன் முடியவில்லை. பாரிசுக்கு அருகில் திராப் என்னுமிடத்தில் லியோன் தெசரேன் தெ போர் என்பவர் ஆளில்லாப் பலூன்களில் தாமே பதிவு செய்யும் கருவிகளை அனுப்பி வந்தார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுபோவதைக் கண்டார். இது வானத்தின் இயல்பா, வெயிலில் காய்ந்த வெப்பமானியின் பொய்யா? அவருக்கே இந்த ஐயம் இருந்தது. ஆகவே 236 பலூன்களின் பதிவுகள் சேரும்வரை அவர் பொறுத்திருந்தார். அதே காலத்தில் ஆஸ்மன், மேலே போகப் போக விரிந்து, வேகம் குறையாமல் ஏறும் ரப்பர் பலூன்களைப் பயன்படுத்தினார். விரைந்து ஏறும் பலூனில் வெப்பமானியின்மேல் காற்று தானே ஓடும் அல்லவா? 1902 ஏப்ரல் 28-இல் தெ போரும், மே 1-இல் ஆஸ்மனும் தத்தம் நாட்டு அறிவியல் கழகங்களில் முடிவை அறிவித்தார்கள். ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று இன்று நாம் படிக்கும் வளிமண்டல அடுக்கு இவ்வாறு கண்டறியப்பட்டது.

காரில் அதே கணக்கு

இனி காருக்குத் திரும்புவோம். டாஷ்போர்டின் உள்ளே சூரியன் இல்லை. ஆனால் சூடான மின்னணுப் பகுதிகள் உள்ளன. காருக்குள் காற்றின் வெப்பநிலை 20 டிகிரி, பெட்டிச் சுவரின் வெப்பநிலை 30 டிகிரி என்று கொள்வோம். தெர்மிஸ்டர் காற்றுடனும் சுவருடனும் சம அளவில் வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டால் அது எங்கே நிற்கும்? நடுவில், 25 டிகிரியில் நிற்கும். காற்றுடன் உள்ள பரிமாற்றம் 4 மடங்கானால்? நான்கு பங்கு 20-உம் ஒரு பங்கு 30-உம் சேர்ந்து 110. அதை 5-ஆல் வகுத்தால் 22 டிகிரி. பிழை 5 டிகிரியிலிருந்து 2 டிகிரியாகக் குறைந்துவிட்டது.

சிறிய பொருளின்மேல் காற்று ஓடும்போது நிகழும் வெப்பப் பரிமாற்றம், ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப உயரும். எனவே பரிமாற்றம் 4 மடங்காக, வேகம் 16 மடங்காக வேண்டும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்த காற்றை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிறு விசிறி.

இப்போது கம்பியைக் கழற்றியவரின் நிலையைப் பாருங்கள். அவர் 22 டிகிரி வேண்டும் என்று குமிழை வைத்திருக்கிறார். காருக்குள் இருப்பது 20. ஆனால் தெர்மிஸ்டர் 25 என்கிறது. பெட்டி என்ன செய்யும்? "சூடு மிகுந்துவிட்டது" என்று வெப்பக் காற்றைக் குறைக்கும். பயணி நடுங்குவார். அதுமட்டுமன்று, நிலைத்த காற்றில் தெர்மிஸ்டர் மெதுவாகவே மாறும். கார் குளிர்ந்துவிட்டதை அது நெடுநேரம் கழித்தே அறியும், சூடேறிவிட்டதையும் அப்படியே. காலம் கடந்து வரும் செய்தியைக் கொண்டு ஆள்பவர் ஊசலாடத்தான் வேண்டும். குளிரும் புழுக்கமும் மாறி மாறி வருவதன் காரணம் இதுவே. ஆகவே ஓசையை நிறுத்துவது வேறு. பழுதை நீக்குவது வேறு.

பல கார்களில் தனி விசிறிக்குப் பதிலாக, முதன்மைக் காற்றூதியின் ஓட்டத்தைக்கொண்டே ஒரு குழாய் வழியாக உட்காற்றை இழுத்தார்கள். பிற்காலத்தில் விசிறியே இல்லாத உணர்விகளும் வந்தன. ஆனால் 1990 வாக்கில் செய்த காருக்குச் சின்ன விசிறி இன்றியமையாதது.

விசிறி ஏன் முனகுகிறது?

சிறு மோட்டாரின் எஃகு அச்சு இருபுறமும் வெண்கலப் புஷ்களுக்குள் சுழல்கிறது. இடையில் எண்ணெய். எண்ணெய் வெறுமனே வழுக்கிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1883-இல் இங்கிலாந்தில் பொறியியலார் கழகத்துக்காக இரயில் அச்சுகளை ஆராய்ந்த போசாம்ப் டவர் என்பவர் வேறொன்றைக் கண்டார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்தார், அதுவும் வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, அச்சின் பாரம் தரும் சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் காட்டியது!

1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். சுழலும் அச்சு, பிசுபிசுப்பான எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று, வரவரக் குறுகும் ஆப்பு வடிவ இடைவெளியில் திணிக்கிறது. அங்கே அழுத்தம் எழுந்து அச்சையே தூக்கிவிடுகிறது. அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புள்ள எண்ணெய்ப் படலத்தில் அச்சு மிதக்கிறது. வண்டி மை போட்ட கட்டை வண்டி ஓசையின்றிப் போவதும், மை காய்ந்த வண்டி ஊரைக் கூட்டுவதும் இந்தப் படலத்தின் விளையாட்டே.

ஆனால் டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் மோட்டாருக்கு யார் நாள்தோறும் எண்ணெய் விடுவது? இதற்கு விடையாகத் துளைமிகு வெண்கலத் தாங்கிகள் வந்தன. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் ஆயிலைட் என்ற பெயரில் இவற்றைப் பரப்பியது. சுமார் 90 பங்கு செம்புத் தூளும் 10 பங்கு வெள்ளீயத் தூளும் கலந்து அச்சில் அழுத்தி, செம்பு உருகாத அளவு சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்; இடையில் நுண்துளைகள் எஞ்சும். கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். வெற்றிடத்தில் எண்ணெயை ஊறவைப்பார்கள். அச்சு சுழன்று சூடேறும்போது எண்ணெய் விரிந்து வெளியே கசியும். நின்று குளிர்ந்ததும் நுண்புழை ஏற்றத்தால் துளைகளுக்குள் திரும்பிப் போகும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதும் இதே விதியால்தான்.

இந்தச் சேமிப்பு எத்தனை காலம் தாங்கும்? விசிறி நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகவும், கார் நாளொன்றுக்கு அரை மணி ஓடுவதாகவும் கொண்டால், 30 ஆண்டுகளில் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 100 கோடி! இதற்குள் எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகியிருக்கும்; மீதி ஆக்சிஜனுடன் சேர்ந்து பிசினாகியிருக்கும். காரின் காற்றை உறிஞ்சுவதே விசிறியின் வேலை என்பதால் தூசி, துணிப்பஞ்சு, புகையிலைப் புகை எல்லாம் அதன்மேல்தான் படியும். படலம் அறுந்த இடத்தில் எஃகும் வெண்கலமும் ஒன்றையொன்று பற்றும், நழுவும், மீண்டும் பற்றும். வயலின் வில் தந்தியை இப்படித்தான் அதிரச் செய்கிறது. கீச்சொலி பிறந்துவிட்டது.

இவ்வளவு சிறிய மோட்டாருக்கு இவ்வளவு பெரிய குரல் எப்படி? இசைக்கவையைக் கையில் பிடித்தால் ஒலி அருகில்தான் கேட்கும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் அறை முழுவதும் கேட்கும். டாஷ்போர்டு இங்கே மேசையாகிவிடுகிறது.

எந்த விசிறி என்று கண்டறிவது எப்படி?

எதையும் கழற்றுமுன் காதைப் பயன்படுத்துங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்றூதியைச் சுழியத்தில் வையுங்கள். அப்போதும் நடுப்பெட்டியிலிருந்து ஓசை வந்தால் குற்றவாளி சின்ன விசிறி.

காற்றூதியின் வேகத்தைக் கூட்டும்போது ஓசையின் சுருதி உயர்ந்தால் முன்புறக் காற்றூதிகளில் ஒன்று காரணம். "டக் டக்" என்று ஒழுங்காக அடித்தால், இலைச்சருகோ குச்சியோ சக்கரத்தில் சிக்கியிருக்கும். அதைப் பொறுமையாக எடுத்தாலே போதும். முன்கண்ணாடியின் அடியில் காற்று நுழையும் இடத்தில் சருகு சேர்வது வழக்கம். இரு காற்றூதிகளும் நன்றாக ஓடும்போது ஓசை விம்மித் தணிந்து விம்மினால் அஞ்ச வேண்டாம். ஏறத்தாழச் சமமான இரு அதிர்வெண்கள் சேர்ந்தால் விம்மல்கள் தோன்றும் என்று ஒலியியலில் படித்திருப்பீர்கள், அதுதான் இது. ஓசை எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பழுது உள்ளே அன்று, பின்புறத்தில்.

செப்பனிடும் முறை

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ரேடியோவுக்கு இரகசிய எண் இருந்தால் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியை வெளியே எடுத்ததும் மின்னணுப் பலகையைக் கையால் தொடாதீர்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் அதைக் கெடுத்துவிடலாம். மென்மையான தூரிகையால் விசிறி இதழ்களிலும் தெர்மிஸ்டரிலும் படிந்த பஞ்சை நீக்குங்கள். தெர்மிஸ்டரின் மேல் போர்த்திய தூசி கம்பளிபோல் இருந்து அதன் வேகத்தைக் குறைக்கும்.

பிறகு புஷ்ஷின் விளிம்பில், அச்சு நுழையும் இடத்தில், ஒரே ஒரு துளி எண்ணெய் இடுங்கள். தையல் மெஷினுக்குப் போடும் தூய கனிம எண்ணெய் ஏற்றது. இரண்டாவது துளி வேண்டாம். அது வழிந்து மோட்டாரின் கார்பன் தூரிகையை நனைத்துக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் கூடாது. அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஜெர்மனியின் குளிரில் அது மெழுகாகத்தான் இருக்கும். துருவை இளக்கத் தெளிக்கும் கரைப்பான்களையும் நாடாதீர்கள். தெளித்தவுடன் அமைதி வரும். ஆனால் நுண்துளைகளில் எஞ்சியிருந்த எண்ணெயையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். சில நாள்களில் முன்னிலும் பெரிதாகக் கத்தும்.

துளி எண்ணெய் சில மாதங்களே தாங்கினால், மோட்டாரைப் பிரிக்கத் தெரிந்தவர் புஷ்ஷைக் கழற்றிச் சூடான டர்பைன் எண்ணெயில் ஊறவைக்கலாம். துளைகள் மீண்டும் நிரம்பும். அச்சைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கண்டால், துளை முட்டை வடிவாகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது எண்ணெய் பயன்படாது. மோட்டாரையே மாற்ற வேண்டும். கணினியில் உள்ளவை போன்ற தூரிகையில்லாச் சிறு விசிறிகளைச் சிலர் பொருத்துகிறார்கள். செய்யலாம். ஆனால் பழைய விசிறிக்கு வரும் மின்னழுத்தத்தை முதலில் அளந்து, அதற்கேற்ற விசிறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது காற்றை எந்தத் திசையில் இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். திசை மாறினால் காருக்குள் உள்ள காற்றுக்குப் பதிலாகப் பெட்டியின் சூடான காற்றுத் தெர்மிஸ்டரின்மேல் ஓடும். கம்பியைக் கழற்றியதைவிடத் தீங்கு மிகுதி.

முடிவில் ஒரு சோதனை. ஒரு மெல்லிய தாள்துண்டைப் பெட்டி முகத்தின் துளைகளுக்கு அருகில் பிடியுங்கள். தாள் மெல்ல உள்ளே இழுக்கப்பட்டால் வேலை முடிந்தது. ஓசை நின்றதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

காற்றால் குளிரும் கடைசி 911 கார்கள் 1998-இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. இன்னும் உலகின் பல நாடுகளில் அவற்றைப் பேணி ஓட்டுகிறார்கள். அவற்றுள் 1990 வாக்கில் பிறந்தது ஒவ்வொன்றின் டாஷ்போர்டிலும் ஆஸ்மனின் விசிறி ஒளிந்திருக்கிறது. பலூன் கூடையில் அது செய்த வேலையையே, அதாவது வெப்பமானியைப் பொய் சொல்லாமல் காக்கும் வேலையையே, காரிலும் செய்கிறது. உங்கள் கையில் எந்தப் பழைய எந்திரம் வந்தாலும், அதில் ஏதேனும் ஒரு சிறு உறுப்பு வீணாகச் சுழன்று ஓசை செய்வதாகத் தோன்றினால், கம்பியில் கை வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை இங்கே வைத்தவர் எந்தப் பிழைக்கு அஞ்சி வைத்தார்? விடை தெரிந்தபின் ஒரு துளி எண்ணெயே போதுமானதாக இருக்கலாம்.